தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு

ஜூன் 5, 2023

காலை ஏழு மணிக்கே ஷர்மிளா பானு போன் செய்தாள். ஏழு மணிக்குப் போன் வந்தால் ஒன்று சாவுச் செய்தி, இல்லையென்றால் கல்லூரி வேலை. இன்றைக்கு இரண்டாவது.

"வார்டும் வகுப்பும்" தொடங்கி நாற்பது வருடம் ஆகிறதாம். எனக்குத் தெரியாதா? பதினான்கு வருடம் அதற்கு ஆசிரியராக இருந்து, மெய்ப்புத் திருத்தித் திருத்திக் கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவள் நான். மருத்துவத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிற காலாண்டிதழ். அட்டையில் தமிழ்ப் பெயர், உள்ளே முக்கால்வாசி ஆங்கிலம். இப்போது ஷர்மிளா ஆசிரியர். ஆகஸ்ட் 26 விழா. டீன் திரவியம் புது அரங்கத்துக்கு நிறுவனர் ஞானசிகாமணி சார் பெயரை வைத்து, மார்பளவுச் சிலையும் திறக்கப் போகிறார். விழா மலருக்கு இதழின் வரலாறு பன்னிரண்டு பக்கம் வேண்டும். உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் மேடம் என்றாள். இருக்கிறார்கள். எல்லோரும் அமெரிக்காவில் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பழைய இதழ்கள் அத்தனையையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறது. நூற்று அறுபதில் ஒன்று இல்லை. ஏழாம் தொகுதி, மூன்றாம் இதழ், 1989 ஜூலை–செப்டம்பர். ஆகஸ்ட் 31க்குள் அதை அனுப்ப வேண்டும், அல்லது ஏன் இல்லை என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். தவறினால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். பட்டியலில் இல்லாத இதழில் எழுதினால் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கு உதவாது. அப்புறம் ஈ காக்கைகூடக் கட்டுரை அனுப்பாது. மூடிவிட வேண்டியதுதான்.

இதிலென்ன ஆராய்ச்சி, அச்சகத்தில் வேலைநிறுத்தம், அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கிறது, அதை ஸ்கேன் செய்து அனுப்பு என்றேன். நான் எழுதிய அறிவிப்புதான். அப்போது நான் துணையாசிரியர்.

என்னுடைய பழைய கோப்புகள் மாடி அறை பீரோவில் இருக்கின்றன. சாவியைக் காணவில்லை. பூட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று இவர் கேட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 9

வரலாறு எழுதுகிறேன் என்று எப்படித்தான் ஊருக்கெல்லாம் தெரிகிறதோ. மூன்றே மூன்று இதழ்களுக்கு ஆசிரியராக இருந்த ஒருவர் தன்னைப் பற்றி ஏழு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் டென்னிஸ் கோப்பைகளுக்கே ஒன்றரைப் பக்கம். இன்னொருவர் தன் புகைப்படம் முந்தையவர் புகைப்படத்தைவிடச் சின்னதாக வரக் கூடாது என்கிறார். மூன்றாமவர் இறந்துவிட்டார், அவர் மனைவி போன் செய்து, படம் கறுப்பு வெள்ளையில் வேண்டாம், கலரில் போடுங்கள் என்றார். அது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது.

மாலையில் டீனே பேசினார். வரலாறு "பாசிட்டிவாக" இருக்க வேண்டுமாம். எழுபது வயதில் பாசிட்டிவ் என்றால் எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவுதான் ஞாபகம் வருகிறது.

ஜூன் 14

முழங்கால். மழை. ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜூன் 19

முதல் இரண்டு பக்கம் முடிந்தது. உண்மையைச் சொன்னால் எழுத எழுதச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

1983இல் சிகாமணி சார் மருத்துவப் பிரிவின் தலைவர். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் தானே கைப்பிடியைச் சுற்றி, மை படிந்த வெள்ளைக் கோட்டோடு ரவுண்ட்ஸ் வருவார். நூற்று இருபது பிரதிதான் முதல் இதழ். மருத்துவம் தெரிந்தவனெல்லாம் மருத்துவம் சொல்லிக்கொடுத்துவிடுவான் என்று நாடு முழுக்க நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், சொல்லிக்கொடுப்பது தனி வேலை, அதைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும் என்று சொன்ன மனிதர். நோயாளியின் மார்பில் காதை வைக்காமல் எந்தப் பிள்ளையும் என் வார்டை விட்டுப் போகக் கூடாது என்பார். அவரிடம் படித்தவர்களுக்கு இதயத்தின் சத்தம் தெரியும். இன்றைக்குப் பாதிப் பேருக்கு எக்கோ ரிப்போர்ட்டை வாசிக்க மட்டும் தெரிகிறது.

தேர்வு நோயாளிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். மலர் வாசிக்கிற வெளியாட்களுக்கு அது புரியாது. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் செய்முறைத் தேர்வு வரும்போது, தெளிவான நோய்க்குறி உள்ள பழைய நோயாளிகளுக்குத் தபால் அட்டை போட்டு வரவழைப்போம். பால், ரொட்டி, முட்டை, அந்த வருடத்துக்கான மாத்திரை எல்லாம் உண்டு. மாணவன் அவர்களைப் பரிசோதித்து நோயைச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக வந்து வந்து, அவர்களுக்கே எல்லாம் மனப்பாடம். தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பினால், திணறுகிற பையனுக்கு நோயாளியே விடையைச் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை.

ஜூன் 27

ஷர்மிளா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் லேப்டாப், கூடவே ஒரு டப்பா பிரியாணி. பிரியாணிக்காகத்தான் உள்ளே விட்டேன்.

அவள் அந்த அச்சகத்தைத் தேடிப் போயிருக்கிறாள். பால்ராஜ் சகோதரர்கள் அச்சகம் இப்போது பிளெக்ஸ் போர்டு அடிக்கிறதாம். கடைசித் தம்பி இன்னும் உயிரோடு இருக்கிறார். வேலைநிறுத்தத்துக்கு ஏதாவது காகிதம் உண்டா என்று கேட்டதும் அவர் சிரித்திருக்கிறார்.

"மேடம், அந்த பிரஸ்ல வேலை பார்த்ததே அண்ணன் தம்பி நாலு பேருதானாம். யாரு யார எதிர்த்து ஸ்ட்ரைக் பண்ணுனாங்கன்னு அவரு என்ட்ட கேக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நாலு வருடத்துக்கு முந்தைய விஷயம், கிழவருக்கு ஞாபகம் பிசகியிருக்கும், காகித ஆலையில் வேலைநிறுத்தமாக இருந்திருக்கலாம் என்றேன். காகித ஆலை என்றால் அறிவிப்பில் ஏன் அச்சகம் என்று இருக்கிறது என்றாள். அவளை ஆசிரியராகச் சிபாரிசு செய்தது நான். துருவித் துருவிக் கேட்கிறவள் என்பதற்காகவே செய்தேன். இப்போது அனுபவிக்கிறேன்.

போகும்போது பீரோவைப் பற்றிக் கேட்டாள். சாவி இல்லை என்றேன். இவர் குறுக்கே புகுந்து, பூட்டுக்காரர் தெருமுனையில்தான் இருக்கிறார் என்றார். சில சமயம் இந்த மனிதருக்கு எதற்குப் பேச வேண்டும் என்று தெரிவதில்லை.

ஜூலை 4

இன்றைக்கு ஷர்மிளா ஒரு படம் அனுப்பினாள். இரண்டு பக்கங்கள், அருகருகே. செய்தி எதுவும் இல்லை. பார்த்த உடனே புரிந்தது, ஆனால் புரியாத மாதிரி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இதழில் வருடம் முழுக்கப் பக்க எண் தொடர்ந்து ஓடும். முதல் இதழ் 1 முதல் 48 வரை, இரண்டாம் இதழ் 49 முதல் 96 வரை. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் சிகாமணி சார். வேலைநிறுத்தத்தால் மூன்றாம் இதழ் அச்சாகவே இல்லை என்றால் நான்காம் இதழ் 97இல் தொடங்க வேண்டும். 145இல் தொடங்குகிறது.

நாற்பத்தெட்டுப் பக்கம் எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு திட்டு திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஜூலை 5

நான்காம் இதழ் ஏற்கெனவே அச்சுக்கோத்து முடிந்திருந்தது. பக்க எண்ணை மாற்ற நேரமில்லை. இதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

ஜூலை 10

மாவரைக்கும் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் இன்றைக்குத்தான் வர வேண்டுமா? அது வந்த நேரத்தில்தான் ஷர்மிளாவும் வந்தாள்.

வருடக் கடைசி இதழின் பின்னால் பொருளடைவு ஒன்று வரும், எந்த விஷயம் எந்தப் பக்கம் என்று. ஏழாம் தொகுதிக்கு அதைத் தயாரித்தது நான். அவள் அதில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு போட்டிருந்தாள். "நோயாளிகள், தேர்வில்: 113."

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

கவனக்குறைவு என்றேன். ஆயிரத்து இருநூறு அட்டைகளைக் கையால் அடுக்கினோம், ஒன்றை எடுக்க மறந்திருக்கும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். மேடம், ஆகஸ்ட் 31க்கு நான் என்ன எழுதட்டும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். வேலைநிறுத்தம் என்று எழுதினால் அந்தப் பக்க எண்ணே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும், பொய் சொன்ன இதழை அவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள், அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 12

சரி. இந்த நோட்டு என்னோடுதான் இருக்கப்போகிறது. எழுதுகிறேன்.

மூன்றாம் இதழ் அச்சானது. அறுநூறு பிரதி, கட்டுக் கட்டாகத் துறை அலுவலகத்துக்கு வந்து இறங்கியது. சிகாமணி சார் இரண்டு மாதம் வெளிநாட்டில் இருந்ததால், மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவள் நான். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டுரை, "தேர்வுக்கு வருகிறவர்கள்". எங்கள் பிரிவில் டியூட்டராக இருந்த அருளப்பன், தேர்வு நோயாளிகள் இருபத்தேழு பேரிடம் உட்கார்ந்து பேசி எழுதியது. மாணவர்களைப் பற்றி நூறு கட்டுரை போட்டாயிற்று, நோயாளியை ஒருவரும் கேட்டதில்லையே என்பது அவர் எண்ணம். பால், ரொட்டி, தேர்வாளர்களின் கோபம், எந்த மாணவன் கை ஜில்லென்று இருந்தது என்பது வரை எல்லாம் இருந்தது. சிரித்துக்கொண்டே வாசிக்கலாம். கடைசி இரண்டு பக்கத்தில் சிரிக்க முடியாது. இருபத்தேழில் ஆறு பேருக்குச் சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. நோய் குணமாகிவிட்டால் அடுத்த தேர்வில் மாணவர்கள் கேட்க அந்த இதயச் சத்தம் கிடைக்காதே.

திரும்பி வந்த சிகாமணி சார் கட்டுகளை அனுப்பவிடாமல் நிறுத்தினார். பழைய காகிதக்காரன் வந்து எடுத்துப் போனான். அருளப்பனை மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, பி.எச்.சி. என்பார்களே, அங்கே மாற்றினார்கள். இரண்டே வருடத்தில் அவர் அரசு வேலையை விட்டுவிட்டார். இவ்வளவுதான். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

ஜூலை 13

பூட்டுக்காரர் தானாகவே வந்து நின்றார். இவர் சொல்லியனுப்பியிருக்கிறார். இன்றைக்கு வேண்டாம், தலைவலி என்று திருப்பி அனுப்பினேன். இவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நேற்றைய பேப்பர் அது.

ஜூலை 20

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் அருளப்பன் எழுதியது என்று மட்டும் ஷர்மிளாவிடம் சொன்னேன், அவருடைய நம்பரை அவள் கண்டுபிடித்துக் கொடுத்தாள். இரண்டு நாள் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்று பேசினேன். சொந்த ஊரில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். முதல் அரை மணி நேரம் சர்க்கரை, பிரஷர், மகள் கல்யாணம். முப்பத்து நாலு வருடம் பேசாதவர்கள் மாதிரியே இல்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பொருளடைவில் ஷர்மிளா கண்டுபிடித்ததைச் சொன்னேன். ஒரு வரி தப்பிவிட்டது, என் கவனக்குறைவு என்று அவரிடமும் சொன்னேன்.

"வடிவு, நீ கவனக்குறைவா ஒரு கமாவக்கூட விட்டவ கிடையாது" என்றார். "அந்த வருசக் கடைசியில அந்த இதழ எங்க பி.எச்.சி.க்கு நீதான அனுப்புன? நான் அந்த வரியப் பாத்தேன். அன்னைக்கே பாத்துட்டேன்."

கோபம் வந்தது, அவர்மேல் இல்லை.

பிறகு அவர் கேட்டார்: "என் பேரு மட்டும்தான் சொன்னியா அந்தப் பிள்ளைட்ட?"

ஜூலை 24

நாலு நாள் இந்த நோட்டைத் தொடவில்லை. மலருக்கான வரலாறு ஒன்பது பக்கத்தில் நிற்கிறது. 1988 வரை அழகாக வருகிறது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் இரண்டு பேர். ம. அருளப்பன், சு. சங்கரவடிவு. பேட்டிகளில் பாதி நான் எடுத்தது. பெண் நோயாளிகள் எல்லோரிடமும் பேசியது நான்தான்.

பேச்சியம்மாள் பதினோரு வருடம் தேர்வுக்கு வந்தவர். மிட்ரல் ஸ்டெனோசிஸ், இதய வால்வு சுருங்கிப்போகிற நோய். அந்தச் சத்தம் மெல்லியது, சுலபமாகக் காதில் விழாது. அவரிடத்தில் மட்டும் பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் போல இருக்கும். பையன்கள் வேர்த்து விறுவிறுத்து ஸ்டெதாஸ்கோப்பை மாற்றி மாற்றி வைக்கும்போது, "தம்பி, என்னய எடப்பக்கமாத் திரும்பிப் படுக்கச் சொல்லு, அப்பந்தான் கேக்கும்" என்று வாயை அசைக்காமல் சொல்வார். எத்தனை பேர் அந்தம்மாவால் டாக்டர் ஆனார்கள் என்று கணக்கில்லை.

அவருடைய கேஸ் ஷீட்டை நான்தான் எடுத்துப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வால்வு ஆபரேஷனுக்கு அனுப்பலாம் என்று 1984இலும் 1987இலும் எழுதியிருந்தது. இரண்டு தடவையும் பக்கத்திலேயே சிகாமணி சாரின் அழகான உருண்டைக் கையெழுத்தில், தேர்வு முடியட்டும் என்று குறிப்பு. அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இதுவும் பொய்யாகிவிடும். அந்தம்மாவுக்கு மாத்திரை தவறாமல் கிடைக்கப் பார்த்துக்கொண்டார். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஒரு பேட்ச் பிள்ளைகள் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிடட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு பேட்ச் வந்துகொண்டே இருந்தது.

என்னையும் அருளப்பனையும் சார் தனித்தனியாகக் கூப்பிட்டார். என்னை மிரட்டவில்லை. காபி வரவழைத்தார். மேல்படிப்பு சீட்டைப் பற்றி விசாரித்தார், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு, இந்தப் புள்ளிவிவரம் சரிபார்க்கப்படாதது என்று நீயே நினைத்தால் ஒரு கடிதம் கொடு என்றார். கொடுத்தேன். சரிபார்த்தவளே நான். என் பெயரை விலக்கிக்கொள்கிறேன் என்றும் அதில் எழுதினேன். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் இதழை நிறுத்தினார்கள்.

அந்த அக்டோபரிலும் பேச்சியம்மாளுக்குத் தபால் அட்டை போனது. எழுதியது நான். நாலாம் நம்பர் கட்டில். மறு பிப்ரவரியில் இறந்துபோனார்.

ஆகஸ்ட் 2

ஷர்மிளாவிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன். அவள் நேராக டீனிடம் போகலாம் என்றாள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் எதற்கு இவளிடம் சொன்னோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

திரவியம் எங்கள் மாணவர்தான், 1988இல் படிப்பை முடித்தவர். அறையின் மூலையில் சிலை வந்து இறங்கியிருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள். சிகாமணி சாருக்கு இவ்வளவு தடித்த உதடு கிடையாது. அதைச் சொல்லவும் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டீன் பொறுமையாகக் கேட்டார். பேச்சியம்மாள் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபைனல் இயரில் அவருக்கு வந்த நோயாளியே அந்தம்மாதானாம். தங்கப் பதக்கம் வாங்கியதே அந்தக் கேஸால்தானாம். எடப்பக்கமாத் திரும்பு என்று அந்தம்மா சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அடடா, இறந்துபோனது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார்.

அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மேடம், நான் வேண்டாம்னு சொல்லல. எல்லாத்தையும் முறையாச் செய்வோம். விழா முடியட்டும்."

ஷர்மிளா ஏதோ பதில் சொன்னாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த உருண்டைக் கையெழுத்துதான் கண் முன்னால் நின்றது. அதே சொல், அதே நல்ல மனசு, அதே முகம். முப்பத்து நாலு வருடமாக ஒவ்வொரு காரணமாகச் சொல்லி நான் செய்ததும் அதுதானே? எம்.டி. முடியட்டும், பிரமோஷன் வரட்டும், சார் காலம் முடியட்டும், நான் ஓய்வு பெறட்டும். ஓய்வு பெற்ற பிறகு சாவியைக் காணவில்லை.

வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினேன்.

ஆகஸ்ட் 3

சாவி தொலையவில்லை. என் பழைய ஸ்டெதாஸ்கோப் பெட்டிக்குள்தான் இருந்தது, எப்போதும் அங்கேதான் இருக்கிறது. இறங்கி வந்தபோது இவர், "கெடச்சிட்டா?" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். "நல்லது" என்றார். இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் பூட்டுக்காரரை ஏவியிருக்கிறார் மனிதர்.

பழைய காகிதக்காரன் வந்த அன்று ஒரு கட்டுக்குள்ளிருந்து ஒரு பிரதியை உருவிப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்து வந்தேன். ஓரத்தில் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. எழுத்து போகவில்லை. கூடவே என் கடிதத்தின் கார்பன் நகலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7

ஷர்மிளா இதழைப் புரட்டினாள், பிறகு கடிதத்தை வாசித்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். என்ன மேடம் நீங்களா என்றாவது கேட்டிருக்கலாம். மூன்று தடவை வாசித்துவிட்டு, இதை என்ன செய்யட்டும் என்றாள். எனக்கே தெரியவில்லை என்றேன். அவள் முன்னிலையிலேயே அருளப்பனுக்குப் போன் போட்டேன். என் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடலாம், உங்கள் பெயர் மட்டும் வரட்டும், அதுதான் நியாயம் என்றேன்.

"எதுக்கு எடுக்க?" என்றார். "பாதி நீ எழுதுனது. உன் பேரு இருக்கட்டும். கடிதத்தையும் போடு. அதுவும் நீ எழுதுனதுதான்."

ஷர்மிளா இரண்டையும் ஸ்கேன் செய்ய எடுத்துப் போனாள். போகும்போது, டீனிடம் அனுமதி கேட்கப்போவதில்லை, இதழுக்கு ஆசிரியர் நான் என்றாள். துணையாசிரியராகவாவது இப்படி ஒரு வாக்கியத்தை 1989இல் நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 11

வரலாறு பன்னிரண்டு பக்கமும் முடிந்தது. 1989க்கு ஒரு பக்கம். டென்னிஸ் கோப்பைகளுக்கு இடமில்லை.

ஆகஸ்ட் 18

மூன்றாம் இதழ் இணையதளத்தில் ஏறிவிட்டது. டீனிடமிருந்து இரண்டு போன். முதலாவதில் கத்தினார். இரண்டாவதில் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். மலரிலிருந்து அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அச்சுக்குப் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

ஆகஸ்ட் 26

விழா. மைக் பாதி நேரம் கூவியது. நாதஸ்வரக்காரர் வந்த பிறகும் சீஃப் கெஸ்ட் வரவில்லை. டென்னிஸ் கோப்பைக்காரர் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி போனார். சிலையைத் திறந்தார்கள், அரங்கத்துக்குச் சார் பெயரையும் வைத்தார்கள். வைக்கட்டும். இதழை ஆரம்பித்தது அவர்தான், அதுவும் உண்மைதானே. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

டீன் மேடையில் என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"84லயே அனுப்பியிருந்தா அந்தம்மா என் பரீட்சைக்கு வந்திருக்க மாட்டாங்க. இல்லையா மேடம்?"

வந்திருக்க மாட்டார் என்றேன். அவர் தலையாட்டினார். பாயசம் வந்தது, வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தார்.

ஆகஸ்ட் 31

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷர்மிளா காலையிலேயே அனுப்பிவிட்டாள். நூற்று அறுபது இதழ், ஒரு விளக்கக் குறிப்பு. பட்டியலில் வைத்துக்கொள்வார்களா, தூக்கிவிடுவார்களா என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளலாம் என்கிறாள். அவளுக்கு இன்னும் இருபது வருட சர்வீஸ் இருக்கிறது, எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

மத்தியானம் இவர் கம்ப்யூட்டரில் ஏழாம் தொகுதியைத் திறந்து கொடுத்தார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். பேச்சியம்மாளிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி, ஆபரேஷனுக்கு ஏன் போகவில்லை என்பது. அதற்கு அவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தோம்.

"பரீட்சை முடியட்டும்னாங்க. எந்தப் பரீட்சைன்னு நானும் கேட்டுக்கிடல."

இதழின் கடைசித் தாளுக்குப் பின்னால், பக்க எண் இல்லாமல் என் கடிதம். கார்பன் நகல்தான், ஆனாலும் என் கையெழுத்து பார்த்ததும் அடையாளம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. முழுசாக ஒரு தடவை வாசித்தேன். அழுதேன். இவர் எழுந்து போய்க் காபி போட்டார்.

பிறகு அந்தத் தொகுதியின் முதல் இதழிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தொண்ணூற்றாறுக்குப் பிறகு தொண்ணூற்றேழு வருகிறது.